சீல் மேல் பழி போடாதீர்கள்

இந்த வாரம் சாமை அறுப்பைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு ஜீப் அதைக் கெடுத்துவிட்டது. கோபத்தோடு எழுதுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களுக்கு ஜீப் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் போகாத ஊருக்கு அதுதான் பஸ். அரிசி ஏறுவதும் அதில்தான், சாமை மூட்டையும் புளியும் இறங்குவதும் அதில்தான். ராத்திரியில் பிரசவ வலி எடுத்தால் கதவைத் தட்டுவது ஜீப் வைத்திருக்கிறவன் வீட்டில்தான். அப்படிப்பட்ட வண்டி ஒன்று, மகேந்திரா எம்.எம்.540, மூன்று வாரத்துக்கு முன்னால் என் வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்த தம்பியைவிட வண்டிக்கு வயது அதிகம்.

"ஐயா, இறக்கத்துல பிரேக் மிதிச்சா வண்டி வலது பக்கமா இழுக்குது" என்றான்.

குனிந்து பார்த்தேன். இடது பின் சக்கரத்தின் உள்பக்கம் முழுக்க ஈரம், டயர் வரைக்கும் ஆயில் வழிந்து புழுதி அப்பியிருந்தது. கீழே சமவெளியில் ஒரு பட்டறையில் 4 மாதத்தில் 3 முறை ஆயில் சீல் மாற்றியிருக்கிறார்கள். மூன்றாவது முறையும் ஒழுகியபோது, "பழைய ஜீப்புன்னா ஒழுகத்தான் செய்யும், ஹவுசிங்கையே மாத்திடு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பட்டறையின் பெயரை எழுத மாட்டேன். இது ஒரு பட்டறையின் வியாதி இல்லை.

என் கேள்வி ஒன்றுதான். ஒரே இடத்தில் 3 புது சீல் போனால், குற்றம் சீல் மேலா?

33 வருஷம் அரசாங்க ஜீப் ஓட்டியவன் நான். கற்றுக்கொண்டது ஒரு பாடம்: ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் கண்ணை எடு. முதலில் ஒழுகுவது எது என்று தெரிய வேண்டும். சக்கரத்துக்குள் இரண்டு திரவம் ஒழுகலாம். ஒன்று வீல் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில், இன்னொன்று கிரவுனிலிருந்து வரும் தொண்ணூறு நம்பர் ஆயில். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும், கியர் ஆயில் மேலே மிதக்கும். கியர் ஆயிலுக்குக் கந்தக நாற்றமும் உண்டு. இதற்கு எந்த மெஷினும் வேண்டாம். இங்கே மிதந்தது.

அடுத்து, வண்டி ஓடிவந்த சூடு ஆறுவதற்குள் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, கிரவுனின் லெவல் பிளக்கை மெல்லக் கழற்றினேன். 'புஸ்' என்று காற்று சீறியது. தம்பி பயந்துபோய் ஒரு அடி பின்னால் போனான். எனக்கு அப்போதே பாதி விளங்கிவிட்டது. விரலை விட்டு எடுத்தால் ஆயில் கறுப்பாக இல்லை, டீயைப் போலக் கலங்கி இருந்தது. உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

பின் ஆக்ஸிலின் மேல்பக்கம் சின்னதாக ஒரு மூச்சுக்குழாய் இருக்கும். பட்டறையில் பிரீதர் என்பார்கள். வண்டி ஓட ஓட கிரவுன் சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரியும், அது இந்தத் துளை வழியாக வெளியே போக வேண்டும். அடைத்துக்கொண்டால் வேறு வழி தேடும். கிடைக்கிற வழி ஆயில் சீல்தான். அது ஒரு ரப்பர் உதடு, அவ்வளவுதான். புது உதடாக இருந்தாலும் காற்று தள்ளினால் ஆயிலை விடத்தான் செய்யும். இதே ஜீப் மழைக்காலத்தில் சூட்டோடு ஓடையில் இறங்கினால் நேர் எதிராக நடக்கும். சட்டென்று குளிர்ந்து உள்ளே காற்று சுருங்கும், அதே சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். டீ நிறத்துக்குக் காரணம் அதுதான்.

அந்தப் பிரீதரைத் தேடிப் பார்த்தால், குளவிக் கூடு மாதிரி சேறு காய்ந்து இறுகிக் கிடந்தது. கழற்றி, டீசலில் ஊறப்போட்டு, கம்பி விட்டு ஊதினேன். அரை மணி நேர வேலை. செலவு ஒரு டம்ளர் டீசல்.

அதோடு நிறுத்தவில்லை. ஜாக்கி வைத்து, தாங்கு கட்டை கொடுத்து, சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன், பேரிங்கில் ஆட்டம் இல்லை. ஆக்ஸிலை உருவி, சீல் உட்காரும் இடத்தில் நகத்தால் கீறிப் பார்த்தேன், பள்ளம் விழவில்லை. பள்ளம் இருந்தால் எத்தனை சீல் போட்டாலும் நிற்காது. ஆயில் அளவும் முக்கியம். சரிவில் வண்டியை நிறுத்திக்கொண்டு ஊற்றினால் அளவு தப்பாகத்தான் காட்டும். பழைய ஆயிலை முழுக்க வடித்துப் புது ஆயில் ஊற்றி, நாலாவதாக ஒரு சீல் போட்டேன். சீல் மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏன் போனது என்று கேட்காமல் மாற்றக் கூடாது என்கிறேன்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். டிரம்மைத் திறந்தபோது பிரேக் லைனிங் ஆயிலில் ஊறிப்போய் இருந்தது. மூன்று முறையும் அதை பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்ப மாட்டியிருக்கிறார்கள்! லைனிங் ஆயிலைக் குடித்துவிட்டால் கழுவினாலும் போகாது. சூடேறினால் உள்ளே இருப்பது வெளியே வரும். இரண்டு பக்கமும் ஜோடியாகப் புதுசு போட வேண்டும். மாற்றத் தேவையில்லாததை மூன்று முறை மாற்றியவர்கள், மாற்றியே ஆக வேண்டியதை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். போளூர் இறக்கத்தில், கொண்டை ஊசி வளைவில், உள்ளே பத்துப் பேரோடு அந்த வண்டி 4 மாதம் ஓடியிருக்கிறது. ஆயில் வீணானதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அந்தப் பத்துப் பேரைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன்.

"ஒழுகாத ஜீப் உண்டா?" என்று சிரிக்கிறவர்கள் நம்மிலேயே நிறைய. அது வேடிக்கைப் பேச்சு இல்லை, சோம்பேறிப் பேச்சு. ஒழுகுகிற வண்டி ஏதோ சொல்கிறது என்று அர்த்தம். நானும் யோக்கியன் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே தப்பைச் செய்து இரண்டு சீலை வீணாக்கியிருக்கிறேன். வயதான மெக்கானிக் ஒருவர் தலையில் குட்டி பிரீதரைக் காட்டினார்.

மெக்கானிக் பக்கமும் நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பட்டறைக்காரர் ஒரு மணி நேரம் குனிந்து பார்த்து, சேற்றை மட்டும் எடுத்துவிட்டு ஐந்நூறு ரூபாய் கேட்டால் நாம் கொடுப்போமா? "என்ன மாத்தினே, பழைய சாமானைக் காட்டு" என்போம். கையில் ஒரு பழைய சீலைக் கொடுத்தால் ஆயிரம் ரூபாயையும் முணுமுணுக்காமல் எடுத்து வைப்போம். சாமானுக்குக் காசு உண்டு, அறிவுக்குக் காசு இல்லை. அப்புறம் அவர் எதற்குப் பார்ப்பார்? அவரைக் கழற்றி மாட்டுகிறவராக ஆக்கியதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

ஆகவே வண்டி வைத்திருக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். மழைக்கு முன்னால் ஒரு தடவை, ஓடை தாண்டும் காலத்தில் மாதம் ஒரு தடவை, பிரீதரைத் துடைக்கச் சொல்லுங்கள். சீல் மாற்றச் சொல்கிற இடத்தில் "ஏன் போச்சு?" என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்கிறவருக்குப் பார்த்த கூலியைத் தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நேற்று அந்த ஜீப் மறுபடி வந்தது. சக்கரம் காய்ந்து புழுதியோடு இருந்தது, நேராக நின்றது. "எவ்வளவு ஐயா?" என்றான் தம்பி. வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. இருநூறு ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"எதுக்குன்னு தெரியுமா?" என்றேன்.

"பிரீதர் கழுவினதுக்கு" என்றான்.

"இல்லடா, பார்த்ததுக்கு."