கிடங்கின் காவலுக்குக் கைப்பேசி

வாங்கிய சரக்கு விற்றுத் தீரும் வரை கெடாமல் இருக்க வேண்டும். மளிகைக் கடைக்காரரானாலும் மொத்த வியாபாரியானாலும் லாபத்தில் பாதி இதில்தான் இருக்கிறது. இரவு கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். நள்ளிரவில் மின்சாரம் போகிறது. திரும்ப வரும்போது ஃப்ரீசரின் டிரிப் சுவிட்ச் விழுந்து கிடக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் ஐஸ்கிரீம் கூழாக இருக்கும். மழைக்காலத்தில் கிடங்கில் வெல்லம் கசிவதும் மிளகாய் வற்றலில் பூஞ்சணம் பிடிப்பதும் இதே கதைதான். கெட்ட சரக்கை யாரும் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. நட்டம் முழுவதும் நம் தலையில்தான் விழுகிறது.

பெரிய தொடர் அங்காடிகள் இதற்கென்று கருவி வைத்துக் காவல் செய்கின்றன. நமக்கு அது எட்டாத செலவு என்று பல காலம் இருந்துவிட்டோம். இன்று சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியும், சுமார் ஆயிரம் ரூபாயில் முடியும் ஒரு சிறு மின்னணுப் பலகையும் அந்த வேலையைச் செய்யும். சிறு வணிகர் இதைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும் என்பது நம் கருத்து. அதே சமயம், எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்ற வரையறையும் வேண்டும்.

இது என்ன கருவி?

இத்தாலி நாட்டில் இவ்ரியா என்ற ஊரிலிருந்த ஒரு வடிவமைப்புப் பள்ளியில், மாணவர்கள் குறைந்த செலவில் செய்து பழகுவதற்காக 2005-ஆம் ஆண்டில் ‘அர்டுயினோ’ என்ற பலகை உருவானது. அதில் மைக்ரோகண்ட்ரோலர் என்னும் குட்டிக் கணினிச் சில்லு இருக்கும். வெப்பம், ஈரம், வெளிச்சம் ஆகியவற்றை உணரும் சென்சாரை அதில் இணைத்தால் அளந்து சொல்லும். இதன் வரைபடத்தை உருவாக்கியவர்கள் எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்றானதால் விலை இறங்கியது.

2011-இல் கூகிள் நிறுவனம் ஆண்ட்ராய்டு கைப்பேசியையும் இத்தகைய பலகையையும் இணைக்கும் முறையை வெளியிட்டது. 2014-இல் ஷாங்காய் நகரின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் வைஃபை வசதியுள்ள மலிவான சில்லைக் கொண்டுவந்தது. 2016-இல் அதே நிறுவனத்தின் ‘ஈஎஸ்பி 32’ வந்தபோது வைஃபையும் புளூடூத்தும் ஒரே சில்லில் கிடைத்தன. கைப்பேசியில் எண்களைக் காட்டும் செயலியைக்கூட ‘ஆப் இன்வென்ட்டர்’ என்ற இலவச ஏற்பாட்டில், கட்டைகளை அடுக்குவதுபோல் அடுக்கி, பாலிடெக்னிக் மாணவர் ஒருவரே செய்துவிடலாம்.

நமக்கு இது அந்நியமான பொருளும் அல்ல. கல்லாப்பெட்டி பக்கத்தில் பணம் வந்ததைக் குரல் கொடுத்துச் சொல்லும் பெட்டியும், கைப்பேசியிலிருந்து பில் அடிக்கும் சிறு பிரிண்டரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

எங்கே பயன்படும்?

முதலாவது, ஃப்ரீசர். உறைநிலை உணவுப் பொருள் மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். கம்பியோடு வரும் ‘டிஎஸ்18பி20’ என்ற சென்சாரை உள்ளே விட்டு, பலகையை வெளியே வைத்தால் போதும். சென்சார் முனையை மணல் நிரப்பிய சிறு புட்டிக்குள் செருகி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் வாடிக்கையாளர் கதவைத் திறக்கும்போதெல்லாம் எண் ஏறி இறங்கும். நாளடைவில் அபாயச் செய்தியை நாமே மதிக்க மாட்டோம். நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த டம்ளரில் வைத்து, பூஜ்யம் டிகிரி காட்டுகிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கிடங்கு. காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்துக்கு மேல் நீடித்து நின்றால் தானியத்திலும் வற்றலிலும் பூஞ்சணம் வளர வழி ஏற்படும். நிலக்கடலையில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சணம் நச்சையும் உண்டாக்கும். ‘டிஹெச்டி22’ போன்ற சென்சாரை வாசல் பக்கம் மாட்டாமல், காற்றோட்டம் குறைந்த பின்சுவர் மூலையில் வைக்க வேண்டும். இது காட்டுவது காற்றின் ஈரத்தை. மூட்டைக்குள் இருக்கும் சரக்கின் ஈரத்தை அறியப் பழையபடி கைபோட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

கடைக்குள் மட்டும் பார்க்கப் புளூடூத் போதும். சுமார் பத்து மீட்டர் வரை எட்டும். மலிவான பழைய புளூடூத் பலகைகள் ஆண்ட்ராய்டு கைப்பேசியோடு பேசும், ஐபோனோடு பேசாது. வீட்டிலிருந்து பார்க்க வைஃபையும் இணையமும் வேண்டும். ஓரம் கட்டிவிட்ட பழைய டேப்லெட் இருந்தால் கல்லாவுக்கு எதிரே மாட்டி, எண்கள் எப்போதும் தெரியும்படி வைக்கலாம்.

மின்சாரம் போனால் வைஃபை பெட்டியும் அணைந்துவிடும். அபாயச் செய்தி மிகவும் தேவைப்படும் நேரத்தில் செய்தி வராது. ஆகவே இரண்டையும் சிறு பேட்டரியில் ஓட விட வேண்டும். மேலும், பதினைந்து நிமிடம் கடையிலிருந்து தகவலே வராவிட்டாலும் கைப்பேசி ஒலிக்கும்படி அமைக்க வேண்டும். இரவுக் காவலாளி விசில் ஊதாவிட்டால் எழுந்து பார்ப்பதில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

எங்கே கூடாது?

எடை போடும் சென்சாரும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கைப்பேசியில் எடையைக் காட்டும். அதைக் கொண்டு வாடிக்கையாளருக்கு நிறுத்துக் கொடுக்கக் கூடாது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, வியாபாரத்தில் பயன்படும் தராசு அரசால் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். வீட்டில் செய்த கருவிக்கு அந்த முத்திரை இல்லை. எண் சரியாகவே இருந்தாலும் குற்றம் குற்றம்தான். தலைமுறையாகச் சேர்த்த நல்ல பெயரை ஒரு பலகைக்காக இழக்க வேண்டாம். கிடங்கில் எண்ணெய் டின் எவ்வளவு மிச்சம் என்று நமக்குள் மதிப்பிட்டுக்கொள்வதோடு அது நிற்கட்டும்.

இதேபோல், ஃப்ரீசரை நிறுத்தவும் ஓட்டவும் இந்தப் பலகையிடம் பொறுப்பை விடக் கூடாது. அது பார்த்துச் சொல்லட்டும். செய்வது நாமாக இருப்போம். 230 வோல்ட் கம்பியைத் தொடும் எந்த வேலையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுடையது.

மூன்றாவது எச்சரிக்கை, கணக்கு யார் கையில் என்பது. வெளிநாட்டு நிறுவனத்தின் சேவையை மட்டும் நம்பி வாங்கிய கருவிகள், அந்தச் சேவை நின்றதும் வெறும் பெட்டியாகிவிட்டன. ‘ரிவால்வ்’ என்ற வீட்டுக் கருவிக்கு 2016-இல் அந்தக் கதி நேர்ந்தது. கூகிளே தன் ‘ஐஓடி கோர்’ சேவையை 2023-இல் மூடியது. தகவல் நம் கைப்பேசியிலோ கடைக் கணினியிலோ சேரும்படி அமைத்தால் இந்தக் கவலை இல்லை. கடவுச்சொல்லையும் வந்தபடியே விட்டுவைக்கக் கூடாது. 2016-இல் ‘மிராய்’ என்ற தீநிரல், கடவுச்சொல் மாற்றாத கேமராக்களையும் வைஃபை பெட்டிகளையும் உலகெங்கும் கைப்பற்றியது.

சங்கம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனியே கற்றுக்கொள்வது நடவாத காரியம். ஒவ்வொரு வட்டாரத்திலும் நான்கைந்து கடைகளைத் தேர்ந்தெடுத்து, அருகிலுள்ள பாலிடெக்னிக் அல்லது ஐ.டி.ஐ. மாணவர்களைக் கொண்டு ஒரு மழைக்காலம், ஒரு கோடைக்காலம் சோதித்துப் பார்க்கலாம். அந்த மாணவர்களுக்கு உரிய கூலி கொடுக்க வேண்டும். இலவசமாகச் செய்த வேலைக்குப் பழுது பார்க்க ஆள் வராது. பொருள்களை மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். எத்தனை முறை அபாயச் செய்தி வந்தது, எவ்வளவு சரக்கு தப்பியது என்று ஒரு நோட்டில் பற்று வரவு போல எழுதி வரட்டும். பலன் இருந்தால் மற்றவர்களும் செய்யட்டும், இல்லாவிட்டால் விட்டுவிடுவோம்.

பெரிய அங்காடிகளோடு விலையில் போட்டியிட நம்மிடம் அவ்வளவு முதல் இல்லை. ஆனால் வீணாகும் சரக்கைக் குறைக்கப் பெரிய முதல் தேவையில்லை. அடுத்த வட்டாரக் கூட்டத்தில் உறுப்பினர்கள் இதைப் பொருளாக எடுத்துப் பேசி, மழைக்கு முன்பே ஒரு முடிவுக்கு வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.