தட்டுப்பாடு தரும் கூலி, சங்கம் தரும் உரிமை

'ஆள் இல்லை, வேலைக்கு வாருங்கள்' என்று முதலாளி கைகூப்பி நிற்கும் காலம் வந்தால், அன்றே தொழிலாளியின் துயர் தீரும் என்று எண்ணுவோர் உண்டு. ஜப்பானில் அக்காலம் வந்தேவிட்டது. தீர்ந்ததா துயர்?

அந்நாட்டில் 15 முதல் 64 வயது வரையுள்ளோர் தொகை 1995-ஆம் ஆண்டில் 8 கோடியே 70 லட்சம். இன்றோ ஏறத்தாழ 7 கோடியே 40 லட்சம். மக்களில் நூற்றுக்கு 29 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். ஆளுக்குத் தவித்த முதலாளிகள் இறங்கி வந்தனர். 'ஷுண்டோ' எனும் வசந்தகாலக் கூலிப் பேச்சில், 2024-ஆம் ஆண்டில், 33 ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக நூற்றுக்கு 5-க்கு மேல் உயர்வு கிடைத்தது. சங்கம் கேட்டதை முழுமையாகவே கொடுத்த பெரிய கம்பெனிகள் பல.

வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் யாருக்கு வெற்றி? 300 பேருக்கும் குறைவான சங்கங்கள் பெற்றது நூற்றுக்கு 4.45 மட்டுமே. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளும் மெய்க்கூலி தேய்ந்தே போயிற்று.

முதியோர் நிலை என்ன? விரும்புவோருக்கு 65 வயது வரை வேலை தரவேண்டும் என்கிறது சட்டம். நிர்வாகங்களோ 60-இல் ஓய்வளித்து, மறுநாளே ஒப்பந்தக்காரராக, குறைந்த கூலிக்கு அமர்த்துகின்றன. சிமெண்ட் லாரி ஓட்டிய முதியோர் மூவர், 'அதே லாரி, அதே வேலை, கூலி மட்டும் ஏன் குறைவு?' என்று வழக்காடினர். 2018-இல் உச்சநீதிமன்றம், விடுப்பின்றி உழைப்போர்க்கான படியை மறுத்தது தவறு என்றது. அடிப்படைக் கூலியின் வேற்றுமையையோ ஏற்றுக்கொண்டது.

இம்முதியவர்க்காக நிர்வாகத்தின் முன் அமர்ந்து பேசுவது யார்? 1949-இல் நூற்றுக்கு 55-க்கு மேல் சங்கத்தில் இருந்தனர். 2024-இல் 16 பேர்தான். நிலையான ஊழியர்க்கே உரியதென்று கம்பெனிக்குள் அடைபட்ட சங்கம், ஓய்வு பெற்றவரை வாயிலோடு வழியனுப்பிவிட்டது. 2024-இல் வெளிநாடுகளிலிருந்து வந்து உழைத்த 23 லட்சம் பேரில் பெரும்பாலோர்க்கும் அக்கதவு திறக்கவில்லை.

தோழர்களே! தட்டுப்பாடு வந்தால் நெல்லுக்கும் விலை ஏறுகிறது. ஆனால் விலை பேசுவது நெல் அன்று, வியாபாரி. சங்கமில்லாத தொழிலாளியும் நெல்மணியே! ஆள் குறைவதால் ஏறிய கூலி, இயந்திரம் வந்ததும் இறங்கும். எழுத்தில் வாங்கிய உரிமையோ நிற்கும்.

ஆகவே ஓய்வுக்குப் பின் ஒப்பந்தத்தில் திரும்பிய பெரியவரையும், ஊர்விட்டு ஊர்வந்த இளைஞனையும் உறுப்பினராக்குங்கள். முதலாளிக்கு ஆள் தேவைப்படும் காலமே, சங்கத்திற்கு ஆள் சேர்க்கும் காலம்!