மலையேறும் முன் ஒரு ரப்பர்க் குழாய்



விடுமுறை வந்துவிட்டால் நம் காரமடை வழியாகக் குடும்பம் குடும்பமாக உதகைக்கும் கோத்தகிரிக்கும் செல்லும் வண்டிகளுக்குக் கணக்கில்லை. அவற்றுள் சில, கல்லாற்றைக் கடந்து மலையேறும் பாதையில் முன்மூடி திறந்தபடி, ஆவி பறக்க நின்றுவிடுவதையும் காண்கின்றோம். பச்சிளம் பிள்ளைகளும் முதியோரும் வளைவான சாலையின் ஓரத்தில் மணிக்கணக்கில் காத்திருக்கின்றனர். இவ்விடருக்குக் காரணம் பல நேரங்களில் பெரிய பழுதன்று; எஞ்சினையும் ரேடியேட்டரையும் இணைக்கும் ஒரு முழ நீள ரப்பர்க் குழாயே!

எஞ்சினில் எரியும் எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குளிர்நீரே வெளியேற்றுகின்றது. அந்நீர் எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஓயாது சுற்றி வருதல் வேண்டும். எஞ்சின் ஓடும்போது அதிர்கின்றது. ரேடியேட்டரோ வண்டியின் உடலோடு பிணைக்கப்பட்டுள்ளது. அசையும் ஒன்றையும் அசையாத ஒன்றையும் இரும்புக் குழாயால் இணைத்தால் அது விரைவில் விரிசல் காணும். ஆகவேதான் வளைந்து கொடுக்கும் ரப்பர் அங்கு வைக்கப்பட்டது.

மலைப்பாதையில் இக்குழாய்க்கு ஏன் இத்தனை சோதனை? மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். நீரின் கொதிநிலையும் இறங்கும். சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், உதகையில் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சின் இயல்பாக ஓடும் வெப்பமே 90 டிகிரியை ஒட்டியது. எனினும் நீர் கொதியாதிருப்பதற்குக் காரணம், ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதேயாகும். அவ்வழுத்தத்தால் 110 டிகிரியைத் தாண்டியும் நீர் கொதியாமல் நிற்கின்றது. குழாயில் சிறு கசிவு ஏற்பட்டாலோ அழுத்தம் போய்விடும். நீர் உடனே கொதித்து வெளியேறும். அதைக் கவனியாது வண்டியை ஓட்டினால் எஞ்சினின் ஹெட் வளைந்து, கேஸ்கட் கருகி, சில நூறு ரூபாய்க் குழாய்க்காகப் பல ஆயிரங்களை இழக்க நேரிடும்.

ஆகவே குழாய் மாற்றும்போது, "வாயில் மாட்டுகிறதா?" என்று மட்டும் பார்ப்பது போதாது. மருந்து வாங்குவோர் புட்டியின் வடிவத்தையா பார்க்கின்றனர்? உள்ளே என்ன மருந்து என்றல்லவா பார்க்கின்றனர்! அவ்வாறே குழாயின் ரப்பர் எவ்வகை என்பதை முதலில் கேளுங்கள். குளிர்நீருக்கு உகந்தது ஈ.பி.டி.எம். எனப்படும் செயற்கை ரப்பர். அது ஏறத்தாழ 125 டிகிரி வரை தாங்கும். பெட்ரோல், டீசல் செல்லும் நைட்ரைல் குழாய் எண்ணெய்க்குப் பொருந்துமேயன்றி இதற்குப் பொருந்தாது. தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் குழாயோ வெந்நீரில் இளகிவிடும். குளிர்நீர்க் குழாய்க்குரிய தரக்குறி எஸ்.ஏ.ஈ. ஜே20 என்பதாகும், அது குழாயின் மேல் அச்சிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். சிலிக்கான் குழாய் இன்னும் மிகுந்த வெப்பத்தைத் தாங்கும்; ஆயினும் விலை அதிகம், சாதாரணக் கிளிப்பின் பற்கள் அதனை அறுத்துவிடும். குடும்பக் காருக்கு ஈ.பி.டி.எம். குழாயே போதுமானது.

இரண்டாவது, அளவும் வடிவும். பழைய குழாயின் முனை விரிந்து போயிருக்கும். ஆதலின் அதனை அளக்காமல், அது மாட்டப்படும் உலோக முனையின் வெளி விட்டத்தை அளந்து கொள்ளுங்கள். 38 மில்லிமீட்டர் முனைக்கு 42 மில்லிமீட்டர் குழாயைப் போட்டுக் கிளிப்பை இறுக்கினால், ரப்பர் மடிந்து அம்மடிப்பின் வழியே நீர் கசியும். வளைவாக வார்க்கப்பட்ட குழாய்க்குப் பதிலாக நேர்க்குழாயை வளைத்து மாட்டினால் இடையில் மடங்கி நீரோட்டம் தடைப்படும். சில வண்டிகளின் கீழ்க்குழாயினுள் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். பம்ப் நீரை உறிஞ்சும்போது குழாய் சப்பையாகிவிடாமல் அது காக்கின்றது. புதிய குழாயிலும் அது இருத்தல் அவசியம்.

மூன்றாவது, மாட்டும் முறை. வழுக்கிச் செல்வதற்கென்று எஞ்சின் ஆயிலோ கிரீஸோ தடவலாகாது, அவை ஈ.பி.டி.எம். ரப்பரை ஊதச் செய்து கெடுத்துவிடும். சிறிது தண்ணீரே போதும். உலோக முனையில் உள்ள மேடான விளிம்பைத் தாண்டிக் கிளிப் அமர வேண்டும். புதிதாக மாட்டிய கிளிப்பைச் சில நாள் ஓட்டிய பின், எஞ்சின் ஆறியிருக்கும்போது மீண்டும் சரிபாருங்கள்.

பழைய குழாயைச் சோதிப்பதும் எளிதே. எஞ்சின் நன்கு குளிர்ந்த பின், குழாயின் நடுவில் அன்று, இரு முனைகளுக்கும் அருகே விரலால் அழுத்திப் பாருங்கள். குழாய் உட்புறமாகவே விரிசல் விடத் தொடங்கும். அதுவும் முனைகளை ஒட்டியே மிகுதி. மெத்தென்றிருந்தாலும், உள்ளே நொறுங்குவது போல் உணர்ந்தாலும், வெளியே வெடிப்போ ஊதலோ தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். மேற்குழாய் கெட்டிருந்தால், அதே காலம் உழைத்த கீழ்க்குழாயையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம். பழைய சாமான் கடையில் இரும்புப் பாகம் வாங்கலாம். ரப்பர்ப் பாகம் வாங்கலாகாது.

ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீரை ரேடியேட்டரில் ஊற்றுவோரும் உண்டு. அது உள்ளே படிந்து வழியை அடைக்கும். வண்டிக்குரிய கூலன்டையே ஊற்றுங்கள். கலக்க வேண்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரைச் சேருங்கள்.

இறுதியாக ஒன்று. வழியில் குழாய் வெடித்து வண்டி நின்றால், பிள்ளைகளைச் சாலைக்கு அப்பால் பாதுகாப்பாக நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறவாதீர்கள். அழுத்தத்தில் அடங்கியிருந்த கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். எஞ்சின் முற்றிலும் ஆறும் வரை பொறுத்திருங்கள். பயணம் தாமதமாவதால் கெடுவது ஒரு நாள். வெந்த முகமோ ஆயுள் முழுதும் வேதனை.

பயணத்திற்குப் பிள்ளைகளின் உடைகளையும் உணவையும் நாட்கணக்கில் முன்கூட்டியே ஆயத்தம் செய்கின்றோம். அவ்வேளையில் முன்மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் பார்ப்பதும் அந்த ஆயத்தத்தின் ஒரு பகுதியாகட்டும்!