மஞ்சள்தூளும் ஒழுகும் ரேடியேட்டரும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணமேல்குடியைத் தாண்டிப் போகும் மீன் வண்டிக்கு நேரம்தான் காசு. கோட்டைப்பட்டினத்திலோ ஜெகதாப்பட்டினத்திலோ ஏற்றிய மீன், ஐஸ் உருகுவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் ரேடியேட்டர் ஒழுகினால்? ஒரு கைப்பிடி மஞ்சள்தூளை உள்ளே கொட்டி, கிடைத்த தண்ணீரை ஊற்றிக் கிளம்பிவிடுவார்கள்.

இது மூடநம்பிக்கை இல்லை. தூள் சூட்டில் ஊறி, கசியும் இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். சின்ன ஓட்டை என்றால் ஒர்க்‌ஷாப் வரைக்கும் வண்டி போய்விடும். ஆனால் எது ஓட்டை, எது குழாய் என்று தூளுக்குத் தெரியாதே! ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். இன்று ஒழுகல் நிற்கும், நாளை இன்ஜின் கொதிக்கும்.

அதைவிடப் பெரிய தப்பு அந்தக் "கிடைத்த தண்ணீர்"தான். கடலோரத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். உப்பு உலோகத்தை அரிக்கும், பாறையாகப் படியும். கூலன்ட்டில் அரிப்பைத் தடுக்கும் மருந்து உண்டு. வெறும் தண்ணீரில் கிடையாது. ஆக, ஒழுகுகிறதே என்று ஊற்றுகிற தண்ணீரே அடுத்த ஓட்டையைப் போடுகிறது. ஓட்டையை அடைக்கிற அவசரத்தில் அது ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

வீட்டிலேயே சரி செய்யக் கூடாதா? தாராளமாகச் செய்யலாம். எல்லா ஒழுகலும் ரேடியேட்டரில் இருந்து வருவதில்லை. ஓஸ் கிளிப் தளர்ந்திருக்கலாம், ஓஸ் வெடித்திருக்கலாம், மூடியின் ரப்பர் போயிருக்கலாம். இதற்கெல்லாம் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொஞ்சம் பொறுமையும் போதும். ரேடியேட்டரே ஓட்டை என்றால் கதை வேறு. பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டரை ஈயம் வைத்துப் பற்றவைத்தார்கள். இப்போது பெரும்பாலும் அலுமினியமும் பிளாஸ்டிக் டேங்கும்தான். அதில் அந்த வேலை நடக்காது. எம்-சீல் ஒட்டினாலும் அது தற்காலிகமே.

எது செய்தாலும் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான். மூடிக்குள் அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். சுட்ட இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம். வடித்த கூலன்ட்டைத் தரையில் விடவும் கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பான விஷம். நாயோ குழந்தையோ வாய் வைத்தால் உயிருக்கே ஆபத்து.

கூலன்ட்டுக்குக் காசு யார் கொடுப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சூட்டில் ஹெட் கேஸ்கட் போனால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. வண்டி ஷெட்டில் நிற்கும் நாட்களின் கூலியை எந்த மெக்கானிக்கும் பில்லில் கழிக்க மாட்டார்.

மஞ்சள்தூள் வண்டியில் இருக்கட்டும், தப்பில்லை. அது முதலுதவி. முதலுதவி செய்தவர் அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.