ஆர்எம் அடிக்கும் முன் ஒரு எல்எஸ்
லினக்ஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு எடுத்தவுடனே சூடோ சொல்லிக் கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. என்னைக் கேட்டால் முதல் பாடம் ஆர்எம். மவுஸால் அழித்த ஃபைல் பெரும்பாலும் குப்பைத்தொட்டியில் கிடக்கும். டெர்மினலில் ஆர்எம் அடிச்சா நேரா போயிடும், அது ஊர்ல எடுத்த கல்யாண போட்டோவா இருந்தாலும் சரி.

நட்சத்திரக் குறி போட்டு அழிக்கிறீங்களா? அதே குறியை முதலில் எல்எஸ்ஸுக்குக் கொடுத்துப் பாருங்க. நட்சத்திரத்தை ஃபைல் பெயர்களாக விரிப்பது ஷெல்தான், ஆர்எம் இல்லை. அதனால எல்எஸ் காட்டுற ஃபைல்கள்தான் அழியப் போறதும்.

ஒவ்வொன்றாகக் கேட்டு அழிக்க 'மைனஸ் ஐ' இருக்கு. அதையே ஏலியாஸா வச்சுக்கோன்னு சிலர் சொல்வாங்க. எனக்கு உடன்பாடில்லை. அந்த ஏலியாஸ் இல்லாத கிளையன்ட் சர்வர்ல, எப்படியும் கேட்கும்னு நம்பி என்டர் தட்டிடுவீங்க.