மீண்டும் கேட்கப் பழகுதல்

காக்ளியர் இம்ப்ளாண்ட் பொருத்தப்பெற்று ஆஸ்டின் டவுனிலுள்ள தம் வீட்டிற்குத் திரும்புகிறவர் அன்றே கேட்பார் என்று எதிர்பாராதிருங்கள். பெரும்பாலும் காயம் ஆறிச் சில வாரங்களான பின்னரே கருவி இயக்கப்படும். 1978-இல் மெல்போர்னில் கிரேம் கிளார்க்கிடம் அதைப் பெற்ற ராட் சாண்டர்ஸும் அவ்வாறே காத்திருந்தார்.

உட்செவியில் ஏறத்தாழ 3,500 உள்மயிரணுக்கள் செய்யும் வேலையைப் பல கருவிகளில் 22 மின்முனைகளே செய்கின்றன. ஆகையால் மனைவியின் குரலும் முதலில் இயந்திரக் குரலாய்த் தோன்றலாம். மாதக்கணக்கான பயிற்சியினாலேயே மூளை அதைச் சொல்லாக அறிந்துகொள்ளும். தெருவில் கன்னடம் ஒலித்தாலும், வீட்டில் பேசும் தமிழிலேயே பயிற்சியைத் தொடங்குவது நலம்.

ஆராதனையில் டிரம்ஸ் முழங்குகையில் பாடல் அவருக்குச் சிதைந்து கேட்கலாம். அவர் கைதட்டாதிருந்தால் அதை விசுவாசக் குறைவென்று எண்ணாதேயுங்கள்! பேசுகிறவரின் முகம் தெரியும் இடத்தில், ஸ்பீக்கருக்கு விலகி, அவரை அமர்த்துங்கள்.