நடுவர் கண்ணுக்குத் தெரியும் மனம்

ஜப்பானியப் போர்க்கலை என்றதும் நம்மில் பலருக்கு ஒரு படம் ஓடும்: கண்மூடி நிற்கும் குரு, சலனமற்ற முகம், தானாகப் பாயும் அம்பு. மனம் அடங்கினால் போதும், வித்தை தானே வந்துவிடும். உடம்பு வெறும் கருவி. கேட்க இதமான சித்தாந்தம். வியர்வை தேவையில்லை அல்லவா!

இந்தப் படத்தை உலகெங்கும் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஓய்கன் ஹெரிகெல் என்ற ஜெர்மன் தத்துவப் பேராசிரியர். 1924 முதல் 1929 வரை ஜப்பானின் செண்டாயில் பணியாற்றியபோது வில்வித்தை குரு அவா கென்சோவிடம் வில் பயின்றார். அந்தப் பயிற்சியை ஜென் பௌத்தத்தோடு இணைத்து 1948இல் ஒரு நூல் எழுதினார். இருட்டில் குரு எய்த இரண்டாம் அம்பு முதல் அம்பைப் பிளந்த கதையில் வாசகர்கள் சொக்கிப்போனார்கள். யமாதா ஷோஜி என்ற ஆய்வாளர் பின்னாளில் துருவியபோது வேறு கதை வந்தது. ஹெரிகெலுக்கு ஜப்பானிய மொழி அவ்வளவாகத் தெரியாது. அவா ஜென் பயின்றவரும் அல்லர். அம்பு பிளந்தது தற்செயல் என்று அவாவே இன்னொரு சீடரிடம் சொல்லியிருக்கிறார். 28 மீட்டர் தள்ளி இருக்கும் 36 சென்டிமீட்டர் இலக்கை இருட்டில் தைக்க, எத்தனை காலம் வில் இழுத்த தோள் வேண்டும்? அதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

வாள்வித்தைப் போட்டியான கெண்டோவைப் பாருங்கள். மூங்கில் வாள் எதிராளியின் தலைக்கவசத்தில் பட்டுவிட்டாலே புள்ளி கிடைத்துவிடாது. அடிவயிற்றிலிருந்து எழும் முழக்கம், வாளின் வீச்சு, வலக்கால் தரையை அறைவது மூன்றும் ஒரே கணத்தில் விழவேண்டும். இதை 'கி-கென்-தாய்-இச்சி' என்பார்கள். பின்னால் இருக்கும் இடது குதிகால் தரையில் படிந்து கிடந்தால் பாய்ச்சலே பிந்திவிடும். அடித்த பிறகும் எதிராளி மேல் வைத்த கவனம் கலையக் கூடாது. வென்றுவிட்ட குஷியில் கையைத் தூக்கினால், கொடுத்த புள்ளியையே நடுவர்கள் திரும்பப் பறிக்கலாம். மூன்று நடுவர்களில் இருவர் கொடி உயர்த்தினால்தான் புள்ளி. அவர்கள் யாருடைய உள்ளத்துக்குள்ளும் புகுந்து பார்ப்பதில்லை. குரலிலும் காலிலும் நிமிர்ந்த முதுகிலும் தெரிகிற மனத்தைத்தான் எடைபோடுகிறார்கள்.

ஜென் துறவி தக்குவான், வாள்வீரர் யாக்யூ முனெனோரிக்கு மனத்தைப் பற்றித்தானே எழுதினார் என்று கேட்பார்கள். ஆமாம், எழுதினார். ஆனால் யாருக்கு? ஜப்பானை ஆண்ட ஷோகனுக்கே வாள் பயிற்றுவித்தவருக்கு. எங்கும் பற்றி நிற்காத மனம் வேண்டும் என்பது, பிள்ளைப் பருவம் முதல் பழகிய கைக்குச் சொன்ன அறிவுரை. அதே மடலில், நெறியை மட்டும் அறிந்து பயிற்சியை விட்டால் உடலும் கையும் ஒத்துழைக்காது என்றும் தக்குவான் எச்சரிக்கிறார். மனமே எல்லாம் என்போர் அந்தப் பகுதியை மட்டும் வசதியாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.